மை டப்பாவுக்கும் ஒரு சரித்திரம் உண்டு

மெட்ராஸ் ஐ வந்து போன வீடுகளில் ஒரு வழக்கம் உண்டு. தலையணை உறையைத் துவைப்பார்கள். துண்டை வெந்நீரில் அலசுவார்கள். கறுப்புக் கண்ணாடியைத் துடைத்து உள்ளே வைப்பார்கள். மிச்சமிருக்கும் சொட்டு மருந்து குப்பைக்குப் போகும். ஆனால் அலமாரியில் இருக்கும் மை டப்பா மட்டும் அப்படியே இருக்கும். கண் சிவந்த அன்று காலையில்கூட விரல் அந்த டப்பாவைத் தொட்டிருக்கும். குணமான மறுநாள் அதே டப்பா, அதே விரல், அதே கண்!

நோய் போன பிறகு அலங்காரப் பொருட்களை என்ன செய்வது என்ற கேள்வி ரொம்பச் சின்னதாகத் தெரியலாம். ஆனால் இந்தச் சின்னக் கேள்விக்குப் பின்னால் 3,500 வருடக் கதை இருக்கிறது. அதில் எகிப்து ராணிகள் வருகிறார்கள், நெப்போலியன் வருகிறார், முதல் உலகப்போர் வருகிறது, நம்ம எழும்பூர் கண் ஆஸ்பத்திரியும் வருகிறது. ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

எகிப்தில் மையே மருந்து

பழைய எகிப்தில் ஆண், பெண், குழந்தை என்று எல்லோரும் கண்ணுக்கு மை தீட்டினார்கள். கறுப்பு மைக்கு கலீனா என்ற ஈயத் தாது. பச்சை மைக்கு மாலகைட் என்ற செம்புத் தாது. இரண்டையும் அரைத்துக் கொழுப்போடு குழைத்து, குட்டிக் குட்டி ஜாடிகளிலும் நாணல் குழல்களிலும் வைத்திருந்தார்கள். கூடவே ஒரு சின்னக் குச்சி. கல்லறைகளில் கிடைத்த அந்த ஜாடிகளையும் குச்சிகளையும் இன்றைக்கும் லண்டன், பாரிஸ் மியூசியங்களில் பார்க்கலாம்.

அழகுக்கு மட்டுமா இது? இல்லை. கி.மு. 1550 வாக்கில் எழுதப்பட்ட ஈபர்ஸ் பாப்பிரஸ் என்ற மருத்துவச் சுவடியில் கண் நோய்களுக்கென்றே ஒரு பெரிய பகுதி இருக்கிறது. அதில் மருந்தாகச் சொல்லப்படும் பொருட்களில் இந்தக் கண் மையும் ஒன்று. நைல் நதியில் வெள்ளம் வடியும்போது ஈக்களும் கண் நோயும் பெருகும் நாடு அது. எகிப்தியனுக்கு மை டப்பா என்பது பாதி அழகு சாதனம், பாதி மருந்துப் பெட்டி.

இதை வெறும் நம்பிக்கை என்றுதான் ரொம்ப நாள் நினைத்திருந்தார்கள். 1999ல் பிலிப் வால்டர் என்ற பிரெஞ்சு விஞ்ஞானியும் அவரது குழுவும் லூவர் மியூசியத்தில் இருந்த பழைய மைகளைச் சோதித்தார்கள். அதில் இயற்கையில் அவ்வளவு எளிதில் கிடைக்காத இரண்டு ஈய உப்புகள் இருந்தன. அதாவது எகிப்தியர்கள் அவற்றை வாரக்கணக்கில் மெனக்கெட்டுத் தயாரித்திருக்கிறார்கள். 2010ல் வந்த இன்னொரு ஆய்வு இன்னும் சுவாரசியம். இந்த ஈய உப்பை மிக மிகக் குறைந்த அளவில் தோல் செல்களோடு சேர்த்தபோது, அவை நைட்ரிக் ஆக்சைடை அதிகமாக உற்பத்தி செய்தன. உடம்பு தன் எதிர்ப்புப் படையைக் கூப்பிடும் சமிக்ஞை அது. ஆக, அந்த மைக்குக் கிருமியை எதிர்க்கும் குணம் ஓரளவு இருந்திருக்கலாம்.

இதைப் படித்துவிட்டு ஈயம் கலந்த சுர்மாவைத் தேடி ஓட வேண்டாம்! ஈயம் உடம்பில் சேர்ந்தால், முக்கியமாகக் குழந்தைகளின் மூளை வளர்ச்சியைப் பாதிக்கும். அமெரிக்காவில் ஈயம் கலந்த கண் மைகளுக்கு அனுமதியே கிடையாது.

எகிப்தியர் கதையில் கவனிக்க வேண்டியது ஒன்றுதான். மையில் என்ன கலக்கிறோம் என்பதை அவர்கள் அக்கறையோடு யோசித்தார்கள். ஆனால் அந்த மையைத் தொட்ட குச்சி ஒரு கண்ணிலிருந்து இன்னொரு கண்ணுக்கு எதைக் கொண்டுபோகிறது என்று யோசிக்க அவர்களுக்கு வழியே இல்லை. கிருமி என்று ஒன்று இருப்பதே தெரியாத காலம்.

கப்பல் ஏறிய கண் நோய்

1798ல் நெப்போலியன் எகிப்து மீது படையெடுத்தார். பிரெஞ்சு வீரர்களுக்கு எதிரில் நின்ற படைகளைவிடக் கண் நோய் பெரிய எதிரியாகிவிட்டது. ஆயிரக்கணக்கானவர்கள் கண் சிவந்து, சீழ் வடிந்து படுத்தார்கள். பலருக்குப் பார்வையே போனது. அவர்களோடு சண்டை போட வந்த ஆங்கிலப் படைக்கும் அதே கதி. போர் முடிந்து வீரர்கள் ஊர் திரும்பியபோது நோயும் கூடவே கப்பல் ஏறி ஐரோப்பா போனது. ‘எகிப்திய ஆப்தால்மியா’ என்று அதற்குப் பெயர் வைத்தார்கள். அதில் பெரும் பங்கு டிரக்கோமா என்று இன்றைக்கு அழைக்கப்படும் நோய்.

இந்தக் கலவரத்துக்கு நடுவில்தான் 1805ல் லண்டனில் ஜான் கன்னிங்ஹாம் சாண்டர்ஸ் என்ற டாக்டர் ஒரு கண் மருத்துவமனையை ஆரம்பித்தார். அதுதான் பின்னால் மூர்ஃபீல்ட்ஸ் கண் மருத்துவமனை ஆனது. அதை முன்மாதிரியாக வைத்து 1819ல் மெட்ராஸில் ஒரு கண் மருத்துவமனை தொடங்கப்பட்டது. எழும்பூர் கண் ஆஸ்பத்திரி என்று நாம் சொல்வது அதைத்தான். உலகத்திலேயே இரண்டாவது பழமையான கண் மருத்துவமனை என்று அதைச் சொல்வார்கள். எகிப்தில் பரவிய ஒரு கண் நோய்க்கும் சென்னைக்கும் இப்படி ஒரு தொடர்பு!

டிரக்கோமா எப்படிப் பரவுகிறது? விரல், துணி, ஈ. நோயாளியின் கண்ணில் பட்ட எது இன்னொரு கண்ணில் பட்டாலும் போதும். வட இந்தியாவில் இந்த நோய் அதிகமாக இருந்த காலத்தில், ஒரே சுர்மாக் குச்சியை வீட்டில் எல்லோரும் பயன்படுத்துவதும், அம்மா ஒரே விரலால் வரிசையாகக் குழந்தைகளுக்கு மை வைத்துவிடுவதும் நோய் பரவும் வழிகளாகக் கண் டாக்டர்களால் சொல்லப்பட்டன. பாசத்தோடு வைத்த மைதான். ஆனால் கடைசிக் குழந்தையின் கண்ணுக்குப் போகும்போது அந்த விரலில் முதல் குழந்தையின் நோயும் இருந்தது.

டிரக்கோமாவுக்குக் காரணமான நுண்ணுயிரின் அடையாளத்தை 1907ல் ஜாவாவில் நடந்த ஆய்வில் ஹால்பர்ஸ்டேட்டர், புரோவாசெக் என்ற இருவர் முதலில் பார்த்தார்கள். அதைத் தனியே வளர்த்துக் காட்ட 1950கள் வரை ஆனது. சீனாவின் டாங் ஃபெய்ஃபான் அதைச் சாதித்தார். டிரக்கோமா இந்தியாவில் இனி ஒரு பொதுச் சுகாதாரப் பிரச்சினை இல்லை என்று உலக சுகாதார நிறுவனம் அறிவித்தது 2024 அக்டோபரில்தான். இவ்வளவு காலம் ஆகியிருக்கிறது!

ஆண்களும் தப்பவில்லை

மை, பவுடர் என்றாலே பெண்கள் சமாச்சாரம் என்று நினைப்பவர்களுக்கு ஒரு செய்தி. அலங்காரக் கருவியால் உயிரே போன பெரிய சம்பவத்தில் மாட்டியவர்கள் பெரும்பாலும் ஆண்கள். அதுவும் ராணுவ வீரர்கள்.

முதல் உலகப்போரில் விஷ வாயு வந்தது. முகமூடி முகத்தோடு ஒட்டி நிற்க வேண்டுமானால் தாடி இருக்கக் கூடாது. எனவே வீரர்கள் தினமும் ஷேவ் செய்ய வேண்டியதாயிற்று. லட்சக்கணக்கில் ஷேவிங் பிரஷ் தேவைப்பட்டது. நல்ல பிரஷ் என்றால் பேட்ஜர் என்ற விலங்கின் முடியில் செய்வார்கள். போரால் அது கிடைக்கவில்லை. அதற்குப் பதில் சீனா, சைபீரியா பக்கத்திலிருந்து வந்த குதிரை முடியை பேட்ஜர் முடி மாதிரி சாயம் ஏற்றிப் பயன்படுத்தினார்கள். முன்பெல்லாம் இந்த முடி பிரான்ஸ், ஜெர்மனி வழியாக வரும்போது அங்கே கிருமி நீக்கம் செய்யப்படும். போரால் அந்த வியாபாரப் பாதை அடைபட்டது. கிருமி நீக்கம் செய்யாத முடி நேராகத் தொழிற்சாலைக்குப் போனது.

அந்த முடியில் ஆந்த்ராக்ஸ் கிருமியின் விதைகள் ஒட்டியிருந்தன. ஆந்த்ராக்ஸ் ஆடு, மாடு, குதிரைகளைத் தாக்கும் நோய். அதன் விதைகள் உணவும் தண்ணீரும் இல்லாமல் பல வருடங்கள் அப்படியே தூங்கிக் கிடக்கும். ஷேவ் செய்யும்போது முகத்தில் பிளேடு கீறும். அந்தக் கீறலில் பிரஷ் பட்டால் போதும். முகத்தில் ஒரு கறுப்புப் புண் எழும்பும், கழுத்து வீங்கும், அன்றைக்கு ஆன்டிபயாடிக் கிடையாது, சிலர் இறந்தே போனார்கள். 1915ல் இங்கிலாந்தில் முதல் நோயாளிகள் தென்பட்டார்கள். அடுத்த பத்து வருடங்களில் அமெரிக்க, ஆங்கிலேய வீரர்களும் பொதுமக்களுமாக 200 பேருக்கு மேல் இப்படிப் பாதிக்கப்பட்டார்கள்.

டாக்டர்கள் நோயாளி வைத்திருந்த பிரஷ்ஷை வாங்கிச் சோதித்து, அதிலேயே கிருமியைக் கண்டுபிடித்தார்கள். அதன் பிறகு அரசாங்கங்கள் விழித்துக்கொண்டன. 1920ல் பிரிட்டன் ஜப்பானிலிருந்து ஷேவிங் பிரஷ் இறக்குமதி செய்வதைத் தடை செய்தது. ‘கிருமி நீக்கப்பட்டது’ என்று பிரஷ் கைப்பிடியிலேயே முத்திரை குத்தி விற்கும் வழக்கமும் வந்தது.

இங்கே ஒரு வியாபாரப் பாடமும் இருக்கிறது. பிரஷ் தயாரித்தவர் யாரும் ஆளைக் கொல்ல நினைக்கவில்லை. மலிவான கச்சாப் பொருள் கிடைத்தது, இடையில் இருந்த ஒரு சோதனைக் கட்டம் காணாமல் போனது. யாரும் அதைக் கவனிக்கவில்லை. அவ்வளவுதான்.

எச்சில் தொட்டு மஸ்காரா

அமெரிக்காவில் டாம் லைல் வில்லியம்ஸ் என்ற இளைஞர் மேபலின் கம்பெனியை ஆரம்பித்ததும் அதே 1915ல்தான். தன் அக்கா மேபல் இமை முடிக்கு வீட்டிலேயே ஏதோ குழைத்துப் பூசுவதைப் பார்த்து யோசனை வந்ததாகச் சொல்வார்கள். அக்கா பெயரே கம்பெனிக்கும் வந்தது.

அன்றைய மஸ்காரா இப்போது மாதிரி குழாயில் வரவில்லை. ஒரு சின்ன டப்பாவில் சோப்புக் கட்டி மாதிரி இருக்கும். கூட ஒரு குட்டி பிரஷ். பிரஷ்ஷை ஈரப்படுத்தி, கட்டியில் தேய்த்து, இமையில் பூச வேண்டும். ஈரத்துக்குத் தண்ணீர் எடுக்கச் சோம்பேறித்தனம் வந்தால்? எச்சில்தான்! பல பெண்கள் டப்பாவிலேயே துப்பித் தேய்த்தார்கள். வாயில் இருந்த கிருமி டப்பாவுக்கும், அங்கிருந்து கண்ணுக்கும் போனது. பக்கத்து வீட்டுக்காரி இரவல் கேட்டால் அவள் எச்சிலும் சேர்ந்தது.

ஆனால் சட்டத்தை மாற்ற வைத்தது எச்சில் அல்ல, சாயம். 1933ல் ‘லாஷ் லூர்’ என்ற இமைச் சாயம் அமெரிக்க அழகு நிலையங்களில் பிரபலம். தலைமுடிச் சாயத்தில் இருக்கும் பாரா-ஃபினைலின்டயமின் என்ற ரசாயனம் அதில் இருந்தது. அது சிலரது கண்களைப் பயங்கரமாகத் தாக்கியது. ஒரு பெண்ணுக்குப் பார்வை போனது. இன்னொருவர் இறந்துபோனார். உணவு, மருந்து நிர்வாகமான எஃப்.டி.ஏ.வால் அந்தச் சாயத்தைத் தடை செய்ய முடியவில்லை. ஏனென்றால் 1906ல் போட்ட சட்டத்தில் ‘அழகு சாதனம்’ என்ற பேச்சே இல்லை. பண்டத்தில் கலப்படம் செய்தால் பிடிக்கலாம், மருந்தில் பொய் சொன்னால் பிடிக்கலாம், கண்ணைக் குருடாக்கும் சாயத்தைப் பிடிக்க முடியாது!

எஃப்.டி.ஏ. அதிகாரிகள் ஒரு காரியம் செய்தார்கள். இப்படிப்பட்ட பொருட்களையும், பாதிக்கப்பட்டவர்களின் படங்களையும் சேர்த்து ஒரு கண்காட்சி வைத்தார்கள். பத்திரிகைகள் அதற்கு ‘பயங்கரக் கூடம்’ என்று பெயர் வைத்தன. அந்தப் பெண்ணின் முன், பின் படங்களும் அங்கே இருந்தன. கம்பெனிகளின் எதிர்ப்பையெல்லாம் தாண்டி 1938 ஜூன் மாதம் ஜனாதிபதி ரூஸ்வெல்ட் புதிய சட்டத்தில் கையெழுத்துப் போட்டார். புதுச் சட்டத்தின் கீழ் முதலில் பறிமுதல் செய்யப்பட்ட பொருள் லாஷ் லூர்தான்.

குழாய்க்குள் புகுந்த குச்சி

1957 வாக்கில் ஹெலனா ரூபின்ஸ்டைன் கம்பெனி மஸ்காராவைக் குழாயில் அடைத்தது. குச்சி மூடியோடு சேர்ந்தே இருக்கும். எச்சில் வேண்டாம், தண்ணீர் வேண்டாம். சுத்தமாச்சு என்று எல்லோரும் நினைத்தார்கள்.

நடந்தது வேறு. குச்சி கண்ணுக்குப் போகிறது. இமையோரத்தில் இருக்கும் கிருமியைத் தொடுகிறது. திரும்பக் குழாய்க்குள் போகிறது. உள்ளே இருட்டு, ஈரம், மெழுகு, எண்ணெய். மூடி இறுக்கமாக அடைக்கப்படுகிறது. மறுநாள் மறுபடியும் அதே. தயிருக்கு உறை ஊற்றுகிற மாதிரி தினமும் கிருமியை உறை ஊற்றிக்கொண்டே இருக்கிறோம்! இதில் கட்டி மஸ்காராவுக்கு ஒரு நன்மை இருந்தது. அது காய்ந்துவிடும். தண்ணீர் இல்லாத இடத்தில் பாக்டீரியா பெருகாது. பவுடரும் லிப்ஸ்டிக்கும் ஓரளவு தாங்குவதற்குக் காரணமும் அதுதான். திரவமாக இருப்பவைதான் ஆபத்து.

1970களில் அமெரிக்காவின் அட்லாண்டாவில் லூயிஸ் வில்சன் என்ற கண் டாக்டரும் டொனால்ட் அஹெர்ன் என்ற நுண்ணுயிரியல் அறிஞரும் இதைத் துருவ ஆரம்பித்தார்கள். கடையில் வாங்கிய புதுப் பொருட்களையும், பெண்கள் பயன்படுத்திக் கொண்டிருந்தவற்றையும் சோதித்தார்கள். பயன்படுத்தியவற்றில் கிருமி மிகக் கூடுதல். 1977ல் அவர்கள் வெளியிட்ட கட்டுரை இன்னும் கலக்கமூட்டியது. கிருமி கலந்த மஸ்காராவால் கண்ணின் கருவிழியில் புண் வந்த பெண்களைப் பற்றியது அது.

குற்றவாளி சூடோமோனாஸ் என்ற பாக்டீரியா. குழாய்த் தண்ணீரிலும் மண்ணிலும் சாதாரணமாக இருப்பதுதான். நல்ல கண்ணை அது ஒன்றும் செய்யாது. ஆனால் மஸ்காரா குச்சி கை நழுவிக் கருவிழியில் லேசாகக் கீறிவிட்டால் அதற்குக் கதவு திறந்த மாதிரி. ஓரிரு நாட்களிலேயே கருவிழியைக் கரைத்து, பார்வையைப் பறிக்கக் கூடியது. பஸ்ஸிலும் காரிலும் போகும்போது கண் மை தீட்டாதீர்கள் என்று டாக்டர்கள் சொல்வதற்குக் காரணம் இதுதான். அதே 1977ல் எஃப்.டி.ஏ. கண் அலங்காரப் பொருட்களில் போதுமான கிருமித் தடுப்பான் இருக்க வேண்டும் என்று கம்பெனிகளுக்கு அறிவிப்பு விட்டது.

விஷத்துக்கு விஷம்

கிருமித் தடுப்பான் என்றால் என்ன? கிருமியைக் கொல்லும் ரசாயனம். அதையும் கண் பக்கத்தில்தான் பூச வேண்டியிருக்கிறது. இங்கேதான் விஷயம் சிக்கலாகிறது.

1970களின் தொடக்கத்தில் அமெரிக்கா அழகு சாதனங்களில் பாதரசத்துக்குத் தடை போட்டது. ஆனால் ஒரே ஒரு விலக்கு. கண் பகுதிக்கான பொருட்களில் மட்டும் 10 லட்சத்தில் 65 பங்கு வரை கிருமித் தடுப்பானாகச் சேர்க்கலாம். பாதரசம் விஷம் என்று தெரிந்தே கொடுத்த விலக்கு அது. பார்வை போவதைவிட அது பரவாயில்லை என்ற கணக்கு! பிறகு வேறு தடுப்பான்கள் வந்தன. 2008ல் மின்னசோட்டா மாநிலம் மஸ்காராவில்கூடப் பாதரசம் கூடாது என்றது. 2023ல் மினமாட்டா ஒப்பந்த நாடுகள் கூடி, பாதரசம் சேர்த்த அழகு சாதனங்களை 2025க்குள் முழுக்க ஒழிப்பது என்று முடிவெடுத்தன.

பாராபென் கதை இன்னொன்று. 1920களிலிருந்து பயன்பாட்டில் இருந்த தடுப்பான் இது. 2004ல் இங்கிலாந்தில் 20 மார்பகப் புற்றுநோய்க் கட்டிகளைச் சோதித்ததில் பாராபென் தடயம் கிடைத்தது என்று ஓர் ஆய்வு வந்தது. புற்றுநோய்க்கு அதுதான் காரணம் என்று அந்த ஆய்வு நிரூபிக்கவில்லை. ஆனாலும் ‘பாராபென் இல்லாதது’ என்று லேபிள் ஒட்டிய பொருட்கள் கடைகளை நிறைத்தன. பாராபென்னை எடுத்த இடத்தில் பலர் மெத்தில்ஐசோதயசோலினோன் என்ற வேறொன்றைப் போட்டார்கள். அது எக்கச்சக்கமானவர்களுக்குத் தோல் அலர்ஜியைக் கொண்டு வந்தது. 2017ல் ஐரோப்பா, பூசிவிட்டு அப்படியே விட்டுவிடும் பொருட்களில் அதைத் தடை செய்தது. பயத்தில் ஒன்றை விட்டு இன்னொன்றைப் பிடித்தால் என்ன ஆகும் என்பதற்கு இது நல்ல உதாரணம்.

எந்தத் தடுப்பானும் சாகாவரம் பெற்றதில்லை. குச்சி உள்ளே போகப் போக அதன் பலம் குறையும். அதனால்தான் 2005 மார்ச் முதல் ஐரோப்பாவில் ஒரு புது அடையாளம் வந்தது. மூடி திறந்த டப்பா படம், அதில் 6, 12 என்று ஒரு எண். திறந்த நாளிலிருந்து எத்தனை மாதம் பயன்படுத்தலாம் என்று அர்த்தம். வீட்டில் இருக்கும் கிரீம் டப்பாவைத் திருப்பிப் பாருங்கள், பின்பக்கம் இருக்கும்.

யாராவது அதைப் பார்க்கிறார்களா? 2019ல் இங்கிலாந்தின் ஆஸ்டன் பல்கலைக்கழகத்தில் பயன்படுத்திய 467 அலங்காரப் பொருட்களைச் சேகரித்துச் சோதித்தார்கள். பத்தில் சுமார் எட்டு, ஒன்பதில் பாக்டீரியா இருந்தது. மோசமானது முகத்தில் பவுண்டேஷன் ஒத்தி எடுக்கும் ஸ்பாஞ்ச். அவற்றில் 93 சதவீதம் ஒருமுறைகூடக் கழுவப்படவில்லை. 64 சதவீதம் தரையில் விழுந்தவை. அடுத்த வருடமே கொரோனா வந்தது. யார் யாரோ தொட்டுப் பூசிப் பார்த்த ‘டெஸ்டர்’ லிப்ஸ்டிக்குகளைப் பெரிய கடைகள் மேஜையிலிருந்து அவசர அவசரமாக எடுத்தன. அதுவரை அது யாருக்கும் விசித்திரமாகப் படவில்லை!

மறுபடியும் மெட்ராஸ் ஐ

இனி நம்ம ஊருக்கு வரலாம். 1918ல் சென்னையில் முதலில் கண்டறியப்பட்டதால் ‘மெட்ராஸ் ஐ’ என்ற பெயர் வந்தது என்று பொதுவாகச் சொல்லப்படுகிறது. எழும்பூர் மருத்துவமனையின் கண்காணிப்பாளராக இருந்த கிர்க்பாட்ரிக், இங்கே கொள்ளைநோயாகப் பரவிய ஒரு கருவிழி நோயைப் பற்றி 1920ல் ஆங்கில மருத்துவ இதழில் எழுதினார். இதற்குக் காரணம் பெரும்பாலும் அடினோ வைரஸ். அதன் 8-ம் வகையை 1955ல் ஜாவெட்ஸ் என்பவர் பிரித்தெடுத்தார்.

இதே நோய் இரண்டாம் உலகப்போர் காலத்தில் அமெரிக்கக் கப்பல் கட்டும் தளங்களில் பரவி ‘ஷிப்யார்டு ஐ’ என்று பெயர் வாங்கியது. அங்கே ஒரு கசப்பான உண்மை தெரிய வந்தது. கண்ணில் தூசி விழுந்து சிகிச்சைக்கு வந்தவர்களுக்கு நோய் தொற்றியது அந்தச் சிகிச்சை அறையிலேயே! டாக்டர், நர்சுகளின் கை, கருவி, மருந்து எல்லாம் ஒரு கண்ணிலிருந்து இன்னொரு கண்ணுக்கு வைரஸைக் கொண்டுபோயின. ஆஸ்பத்திரிக் கருவிக்கே இந்த நிலை என்றால் வீட்டு மைக்குச்சி எம்மாத்திரம்?

அடினோ வைரஸ் லேசுப்பட்டதில்லை. காய்ந்த பிளாஸ்டிக் மேல்கூட வாரக்கணக்கில் உயிரோடு இருக்கும். ஃப்ளூ வைரஸ் அப்படி இல்லை. வழவழப்பான பரப்பில் ஒன்றிரண்டு நாள், துணியில் அதைவிடக் குறைவு. எனவே எல்லா நோய்க்கும் ஒரே வைத்தியம் கிடையாது.

நோய் போன பிறகு

சரித்திரமெல்லாம் சரி, அலமாரியில் இருப்பதை என்ன செய்வது? கண் நோயின்போது பயன்படுத்திக் கொண்டிருந்த கண் அலங்காரப் பொருட்களைத் தூக்கிப்போடுங்கள் என்பதுதான் எஃப்.டி.ஏ. சொல்லும் ஆலோசனை. விரிவாகச் சொன்னால்:

1. மஸ்காரா, திரவ ஐலைனர், விரலால் எடுக்கும் மை டப்பா - குப்பை. யோசிக்கவே வேண்டாம். நோயே வராவிட்டாலும் மஸ்காராவை மூன்று, நான்கு மாதத்துக்கு மேல் வைத்துக்கொள்ள வேண்டாம். காய்ந்துபோனால் தண்ணீரோ எச்சிலோ விட வேண்டாம்.

2. ஸ்பாஞ்ச், பவுடர் பஃப் - மலிவு, கழுவினாலும் உள்ளே ஈரம் நிற்கும். மாற்றிவிடுவது நல்லது.

3. பிரஷ் - சோப்பு அல்லது ஷாம்பூ போட்டு வெதுவெதுப்பான தண்ணீரில் கழுவி, படுக்க வைத்து நன்றாகக் காய விட வேண்டும். காயாத பிரஷ்ஷைப் பையில் போட்டால் கழுவியதே வீண்.

4. இமை சுருட்டும் கிளிப், ட்வீசர் போன்ற உலோகக் கருவிகள் - சோப்பில் கழுவி ஸ்பிரிட்டால் துடைக்கலாம். ரப்பர் பட்டை இருந்தால் அதை மாற்ற வேண்டும்.

5. சளி, காய்ச்சல் வந்து போனால் லிப் பாம், லிப் கிளாஸை மாற்றலாம். உதட்டில் ஹெர்பிஸ் கொப்புளம் வந்திருந்தால் அப்போது பூசிய லிப்ஸ்டிக்கை மற்றவருக்கு ஒருபோதும் தரக்கூடாது.

6. கண் முழுக்கச் சரியாகும் வரை மை வேண்டாம். கண்ணில் வலியோ, வெளிச்சம் பார்த்தால் கூச்சமோ, பார்வை மங்கலோ இருந்தால் மெடிக்கல் ஷாப்பில் கேட்டுச் சொட்டு மருந்து வாங்காமல் டாக்டரிடம் போக வேண்டும்.

350 ரூபாய் கொடுத்து வாங்கியது, பாதிகூடத் தீரவில்லை, எப்படித் தூக்கிப்போடுவது என்று கை வராது. வணிகவியல் வகுப்பில் ‘சங்க் காஸ்ட்’ என்று ஒரு பாடம் வரும். ஏற்கெனவே செலவழித்துவிட்ட பணம் திரும்ப வராது, அதை நினைத்து அடுத்த முடிவை எடுக்கக் கூடாது என்பது அதன் சாரம். அந்த 350 ரூபாய் வாங்கிய அன்றே போய்விட்டது. இப்போது முடிவு செய்ய வேண்டியது கண்ணைப் பற்றி.

பழக்கம் மாறாது என்றும் சொல்ல முடியாது. இந்தியாவில் முதல் எச்.ஐ.வி. தொற்று 1986ல் சென்னையில் கண்டுபிடிக்கப்பட்டது. அதற்கு முன்பெல்லாம் சலூனில் ஒரே கத்தியைத் தோல்வாரில் தீட்டித் தீட்டி வரிசையாக எல்லோருக்கும் ஷேவ் செய்வார்கள். இன்றைக்குக் கிராமத்துச் சலூனில்கூட ‘அண்ணே, புது பிளேடு போடுங்க’ என்று கேட்பது சாதாரணமாகிவிட்டது. கடைக்காரரும் கோபித்துக்கொள்வதில்லை. அதே தைரியம் பியூட்டி பார்லரிலும் வேண்டும். புருவம் திருத்தும்போது நூலை வாயில் கடித்துக்கொண்டு செய்தால், கழுத்தில் கட்டிக்கொண்டு செய்யுங்கள் என்று சொல்லலாம். கல்யாண வீட்டில் மேக்கப் போடுபவர் மணப்பெண்ணில் ஆரம்பித்து வரிசையாகப் பத்துப் பேருக்கு ஒரே மஸ்காரா குச்சியைப் போட்டால், எனக்கு வேண்டாம் என்று சொல்லலாம்.

தோழி ஒருத்தி ஹாஸ்டலில் ‘காஜல் கொடுடி’ என்று கேட்டால் மறுப்பது கஷ்டம்தான். கொடுக்காவிட்டால் கஞ்சத்தனம் என்று பெயர் வரும். அந்தப் பெயர் இரண்டு நாளில் மறந்துபோகும். கருவிழியில் விழுந்த தழும்பு அப்படி மறையாது.